கையெழுத்து அவருடையது, முடிவு யாருடையது?

பெங்களூரில் அம்பேத்கர் வீதி ஓரமாக நின்றால் ஒரு பக்கம் விதான சௌதா, நேர் எதிரே செக்கச் சிவந்த உயர் நீதிமன்றம். ஒரு காலத்தில் பதினெட்டுத் துறைகளின் அலுவலகம் அங்கே இருந்ததால், பழைய ஆட்கள் அந்தச் சிவப்புக் கட்டடத்தை இன்னும் அட்டாரா கச்சேரி என்றே சொல்கிறார்கள். ஆளுநர் இருக்கும் ராஜபவன் சற்றுத் தள்ளி, நடந்தே போய்விடலாம். நாம் பேசப்போகும் விஷயம் முழுக்க இந்த மூன்று கட்டடங்களுக்குள்தான் இருக்கிறது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றைப் பார்த்தபடியே பேசுவோம்.

விஷயத்தைக் கிளப்பியவர் எங்கள் தெருத் தம்பி ஒருவர். அமெரிக்கக் கம்பெனிக்கு ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவர். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் டிரம்ப் ஒரு பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த வாரம் முழுக்க ஒயிட்ஃபீல்டு பக்கம் வேறு பேச்சே இல்லை. "அண்ணா, அங்கே பிரசிடென்ட் ஒரு கையெழுத்துப் போட்டா இங்கே என் தலையெழுத்து மாறுது. நம்ம ஊர்லயும் பிரசிடென்ட் இருக்காங்க. ஒரு மாநில அரசையே கலைக்கிற அதிகாரம் அவங்களுக்கு உண்டுன்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் மத்த விஷயத்துல எல்லாம் பேசாம இருக்காங்க?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அதற்குள்ளேயே ஒரு பிசகும் இருக்கிறது. படித்தவர்கள், பத்திரிகை வாசிப்பவர்கள், ஏன், தேர்தலில் நின்றவர்கள்கூடச் செய்கிற பிசகு அது. அதை எடுத்துக் காட்டுவதற்கு முன்னால் அமெரிக்காவை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவோம்.

வாஷிங்டனில் அதிபர் இருக்கும் வெள்ளை மாளிகைக்கும் சட்டம் இயற்றும் காங்கிரஸ் கூடும் கேபிடல் கட்டடத்துக்கும் இடையே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தூரம். சட்டமும் அதே தூரத்தை வைத்திருக்கிறது. அதிபருக்கென்று தனித் தேர்தல், நான்கு வருடம் கெட்டியான பதவி. காங்கிரசில் அவர் கட்சி தோற்றுப்போனாலும் அவர் நாற்காலி ஆடாது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற ஒன்றே அங்கு கிடையாது. கண்டனத் தீர்மானம் கொண்டுவந்து செனட்டில் விசாரித்து, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைத்தால் மட்டுமே அவரை இறக்கலாம். 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். இன்றுவரை ஒருவர்கூட அப்படி இறக்கப்பட்டதில்லை. அதிபரின் அமைச்சர்கள் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கவும் கூடாது. பதிலுக்கு, அதிபராலும் காங்கிரசைக் கலைக்க முடியாது.

அப்படியானால் அவர் கையெழுத்துக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? விசா விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டார் வருகையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை, 1952-இல் காங்கிரஸ் இயற்றிய குடியேற்றச் சட்டம் அதிபரிடம் கொடுத்து வைத்திருக்கிறது. டிரம்ப் கைகாட்டியது அந்தச் சட்டத்தைத்தான். அதே 1952-இல் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது, வேலைநிறுத்தத்தால் எஃகு உற்பத்தி நின்றுவிடும் என்று பயந்த அதிபர் ட்ரூமன், உருக்காலைகளை அரசே எடுத்துக்கொள்ளும்படி உத்தரவு போட்டார். அதற்குக் காங்கிரஸ் அதிகாரம் கொடுத்திருக்கவில்லை. ஆறுக்கு மூன்று என்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளியது. பேனா ஒன்றுதான். எந்த மைப்புட்டியில் தொட்டு எழுதினார் என்று பார்க்கிறார்கள்.

இப்போது விதான சௌதாவைப் பார்ப்போம். முதலமைச்சரின் அறையும் சட்டமன்றம் கூடும் அரங்கமும் இந்த ஒரே கட்டடத்துக்குள் இருக்கின்றன. சென்னையிலும் அப்படித்தான், இரண்டுமே கோட்டைக்குள். இது இடவசதிக்காகச் செய்த ஏற்பாடு மட்டும் என்று தோன்றலாம். ஆனால் நம் ஆட்சிமுறையே அதுதான். சட்டமன்றத்தின் வயிற்றில் பிறந்தது அமைச்சரவை. அவைக்கு நம்பிக்கை இருக்கும்வரை அது உயிரோடு இருக்கும், நம்பிக்கை போன அன்றே போய்விடும். டெல்லியில் பிரதமருக்கும் மக்களவைக்கும் இதே உறவு. ஆகவே அமெரிக்கா போல சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் என்ற மூன்று துறைகளும் தனித்தனி வீட்டில் இருப்பதாக நம் ஊரை நினைத்துக்கொள்ளக் கூடாது. இங்கே இரண்டு ஒரே கூரைக்குக் கீழ். மூன்றாவது மட்டும் சாலைக்கு எதிர்ப்புறம், சிவப்புக் கட்டடத்தில்.

சரி, குடியரசுத் தலைவர் எங்கே வருகிறார்? நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை நினைத்துக்கொள்வோம். தாத்தா பெயரில்தான் பத்திரிகை அடிப்பார்கள். அழைப்பவர் அவர், முதல் மரியாதை அவருக்கு. ஆனால் எந்த மண்டபம், எந்தச் சமையல்காரர், எத்தனை பேருக்கு இலை என்பதையெல்லாம் முடிவு செய்வது அப்பாவும் சித்தப்பாவும். தாத்தா ஒரு தடவை கேட்கலாம், "இது சரியா வருமா, இன்னொரு தடவை யோசிங்களேன்" என்று. யோசித்துவிட்டு அதையே திரும்பச் சொன்னார்கள் என்றால் பத்திரிகை அவர் பெயரில் போய்விடும்.

அரசியல் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1948 நவம்பரில் வரைவை அரசியல் நிர்ணய சபையில் வைத்தபோதே, அமெரிக்கத் தலைவருக்கும் நம் தலைவருக்கும் பெயர்தான் ஒன்று, நம்முடையவர் இங்கிலாந்து மன்னரைப் போன்றவர் என்று அம்பேத்கர் விளக்கிவிட்டார். 1974-இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அதை உறுதி செய்தார்கள். அமைச்சரவை சொல்வதைக் கேட்டே தீரவேண்டும் என்று 1976-இன் 42-வது திருத்தம் எழுத்திலேயே போட்டுவிட்டது. ஒரு தடவை திருப்பி அனுப்பலாம் என்பதை 1978-இன் 44-வது திருத்தம் சேர்த்தது. தாத்தாவின் அந்த ஒரு கேள்வி அப்படித்தான் சட்டத்துக்குள் வந்தது.

தமிழ்ப் பத்திரிகைகள் இதில் நமக்குப் பெரிய உதவி செய்கின்றன. ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல். தமிழில் அமெரிக்காவில் இருப்பவர் அதிபர், டெல்லியில் இருப்பவர் குடியரசுத் தலைவர். யாழ்ப்பாணத்தில் ஜனாதிபதி என்று சொல்வது மூன்றாவது வகை. 1978 முதல் இலங்கையில் அவர் கையில் நிஜமான நிர்வாக அதிகாரம் உண்டு. அவருக்கும் எல்லை உண்டு. 2018 நவம்பரில் ஜனாதிபதி சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தார், டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் அது செல்லாது என்றார்கள்.

இனி அந்தப் பிசகுக்கு வருவோம். அது நம் ஊரில் சொல்லும் 'ஜனாதிபதி ஆட்சி' என்கிற சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும், மாநிலத்தில் ஏதோ குழப்பம், கட்சிகளுக்கு அப்பாற்பட்ட ஒரு பெரியவர் டெல்லியிலிருந்து வந்து நடுநிலையாக ஆட்சியை ஏற்றுக்கொண்டார் என்று நம் மனதில் ஒரு படம் எழுகிறது. அரசியல் சட்டத்தின் 356-வது பிரிவின் வாசகமும் அதற்கு ஏற்றாற்போலத்தான் இருக்கும். ஆளுநரின் அறிக்கையாலோ வேறு வகையிலோ, மாநில ஆட்சியை அரசியல் சட்டப்படி நடத்த முடியாத நிலை வந்துவிட்டது என்று குடியரசுத் தலைவர் மனநிறைவு கொண்டால், அவர் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

யாருடைய மனநிறைவு? இதைத்தான் நாம் நிதானமாகக் கேட்க வேண்டும். இப்போது பார்த்த கணக்குப்படி, குடியரசுத் தலைவர் என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் மத்திய அமைச்சரவை என்று படிக்க வேண்டும். அந்த அமைச்சரவை ஒரு கட்சியுடையது அல்லது ஒரு கூட்டணியுடையது. கலைக்கப்படும் மாநில அரசு பல சமயம் அதன் எதிர்க்கட்சி. அப்படிப் படித்தவுடன் நம் மனதில் இருந்த படம் முழுக்க மாறிவிடுகிறது, இல்லையா? தம்பியின் கேள்விக்கும் பாதி பதில் வந்துவிட்டது. மற்ற விஷயங்களில் பேசாமல் இருப்பவர் மாநில அரசைக் கலைக்கும்போது மட்டும் திடீரென்று பேசவில்லை. அப்போதும் பேசியது அமைச்சரவைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மாநில அரசைக் கலைக்க அமெரிக்க அதிபரால் முடியாது. அங்கே மாநில ஆளுநர் அந்த மாநில மக்களே தேர்ந்தெடுத்தவர். அதிபருக்கு அவரை எவ்வளவு பிடிக்காவிட்டாலும் வீட்டுக்கு அனுப்ப வழியில்லை. உலகமே பார்க்கும் அந்தப் பேனாவுக்கு இல்லாத ஒரு வேலையை, நம் டெல்லி அமைச்சரவை ஒரு கையெழுத்து வாங்கிச் செய்துவிட முடியும்.

இந்த 356-வது பிரிவு செத்த எழுத்தாகவே கிடக்கட்டும், ஒருநாளும் பயன்படாமல் போகட்டும் என்றுதான் 1949-இல் அம்பேத்கர் ஆசைப்பட்டார். அதன்பின் நூறு தடவைக்கு மேல் பயன்பட்டுவிட்டது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1976, 1980, 1988, 1991 என்று நான்கு ஜனவரி, பிப்ரவரிகள். அதில் 1991-ஐ மட்டும் கொஞ்சம் பார்ப்போம். ஆட்சியைக் கலைக்க வசதியாக ஓர் அறிக்கை தர ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா மறுத்துவிட்டார். 'வேறு வகையிலோ' என்று பிரிவில் இருக்கிறதே, அந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டு சந்திரசேகர் அமைச்சரவை பரிந்துரைத்தது. கலைஞர் அரசு போயிற்று. கையெழுத்துப் போட்ட குடியரசுத் தலைவர் தஞ்சாவூர் மாவட்டம் ராஜாமடத்தில் பிறந்த, காமராஜர் அமைச்சரவையில் தொழில்துறையைப் பார்த்த ஆர். வெங்கட்ராமன். தன் சொந்த மாநிலம்தான். முடிவு அவருடையது என்று நினைத்தால் இதைப் புரிந்துகொள்ளவே முடியாது.

அதே வெங்கட்ராமன் இரண்டு வருடம் முன்னால் இன்னொரு கையெழுத்துப் போட்டிருந்தார். அது இதோ, நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த விதான சௌதாவைப் பற்றியது. முதலமைச்சராக இருந்தவர் ஜனதா தளத்தின் எஸ்.ஆர். பொம்மை. 1989 ஏப்ரலில் அவர் அமைச்சரவையை விரிவாக்கிய இரண்டே நாளில் மொலகேரி என்ற உறுப்பினர் கட்சியை விட்டார். அடுத்த நாள் ஆளுநர் வெங்கடசுப்பையாவிடம் 19 கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இந்த 19 பேரும் அரசுக்கு ஆதரவில்லை என்கிறார்கள் என்பது சேதி. கையெழுத்துகள் சரிதானா என்று ஆளுநர் சட்டமன்றச் செயலாளரை அழைத்துப் பார்க்கச் சொன்னார். ஏப்ரல் 19 அன்று, பொம்மைக்குப் பெரும்பான்மை போய்விட்டது என்று டெல்லிக்கு அறிக்கை அனுப்பினார்.

மறுநாள் அந்த 19 பேரில் ஏழு பேர், ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், நாங்கள் பொம்மை பக்கம்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதே நாள் பொம்மை சட்ட அமைச்சரையும் கூட்டிக்கொண்டு ராஜபவனுக்குப் போனார். வேண்டுமானால் கூட்டத்தொடரை முன்கூட்டியே வைத்துக்கொள்கிறேன், அவையிலேயே எண்ணிப் பாருங்கள் என்றார். டெல்லிக்கும் டெலக்ஸ் அடித்தார். ஆளுநரோ அன்றே இரண்டாவது அறிக்கையையும் அனுப்பினார். ஏப்ரல் 21 அன்று ராஜீவ் காந்தி அரசின் பரிந்துரைப்படி அரசு நீக்கப்பட்டது, சட்டமன்றமும் கலைக்கப்பட்டது.

ராஜபவனுக்கும் விதான சௌதாவுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று இப்போது பார்த்தால் மனசு கனக்கிறது. எண்ணிப் பார்க்க வேண்டிய தலைகள் எல்லாம் இங்கே இருந்தன. எண்ணச் சொல்லி ஒருவர் கேட்டுக்கொண்டும் இருந்தார். எண்ணிக்கை மட்டும் நடக்கவில்லை. எனக்கு இதில் பொம்மையின் கட்சி முக்கியமில்லை. அவருக்கு உண்மையிலேயே பெரும்பான்மை போயிருக்கலாம், இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தும் அதை அடைத்தார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பொம்மை எதிரே இருக்கும் சிவப்புக் கட்டடத்துக்கு வந்தார். மூன்று நீதிபதிகள் விசாரித்து மனுவைத் தள்ளிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1994 மார்ச் 11 அன்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த ஒன்பது பேரில் நம் ரத்தினவேல் பாண்டியனும் ஒருவர்.

நீதிமன்றத்துக்கு முன்னால் இருந்த சிக்கல் இது. குடியரசுத் தலைவருக்கு அமைச்சரவை என்ன ஆலோசனை சொன்னது என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்று 74-வது பிரிவு தடுக்கிறது. மனநிறைவோ மனசுக்குள் இருக்கும் விஷயம். அப்படியானால் இந்தக் கையெழுத்தை யாருமே கேள்வி கேட்க முடியாதா? நீதிபதிகள் கண்டுபிடித்த வழியைச் சமையலறையை வைத்துச் சொன்னால் எளிது. உள்ளே என்ன பேசிக்கொண்டீர்கள் என்று கேட்க மாட்டோம். ஆனால் சந்தையிலிருந்து என்ன வாங்கி வந்தீர்கள், அந்தப் பையைக் காட்டுங்கள் என்று கேட்போம். எந்தத் தகவல்களை வைத்து இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று பார்க்கலாம். பை காலியாக இருந்தாலும், இருப்பதற்கும் எடுத்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும், கெட்ட எண்ணத்தில் எடுத்திருந்தாலும், அந்தப் பிரகடனம் செல்லாது.

இன்னும் இரண்டு சொன்னார்கள். ஒரு முதலமைச்சருக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்பதை அவையில் எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், ஆளுநரின் சொந்த மதிப்பீடு அதற்கு ஈடாகாது. அடுத்தது, பிரகடனத்தை இரண்டு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஏற்க வேண்டும், அதுவரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது, முடக்கி வைக்கலாம். அதாவது வீட்டைப் பூட்டலாம், இடிக்கக் கூடாது. தவறு என்று தெரிந்தால் திறந்துவிட வீடு இருக்க வேண்டுமே. கர்நாடகத்தோடு மேகாலயா, நாகாலாந்து கலைப்புகளும் தவறு என்றார்கள். பாபர் மசூதி இடிப்புக்குப் பின் 1992 டிசம்பரில் கலைக்கப்பட்ட மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேச அரசுகளின் விஷயத்தில், மதச்சார்பின்மை அரசியல் சட்டத்தின் அடிப்படை என்று சொல்லிக் கலைப்பை ஏற்றார்கள். பொம்மைக்கு ஆட்சி திரும்பக் கிடைக்கவில்லை. 1989 நவம்பரிலேயே தேர்தல் நடந்து வேறு அரசு வந்துவிட்டிருந்தது.

அதன் பிறகுதான் பூட்டும் சாவியும் வேலை செய்வதைப் பார்த்தோம். 1997-இல் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கச் சொன்ன பரிந்துரையைக் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார், குஜ்ரால் அரசு அதோடு விட்டுவிட்டது. 1998-இல் பீகார் பற்றி வாஜ்பாய் அரசு அனுப்பியதையும் திருப்பினார். 1999 பிப்ரவரியில் மறுபடி பரிந்துரை வந்தது, கையெழுத்துப் போட்டார். தாத்தாவின் கேள்வி முடிந்தது. ஆனால் மாநிலங்களவையில் தேறாது என்று தெரிந்ததும் அரசு மார்ச்சில் அதைத் தானே விலக்கிக்கொண்டது. சட்டமன்றம் இடிக்கப்படாமல் இருந்ததால், ராப்ரி தேவி திரும்பிவந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெங்களூருக்கும் திரும்பி வந்தது அந்தத் தீர்ப்பு. 2018 மே மாதம் யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 104 இடம் வைத்திருந்த பாஜகவின் எடியூரப்பாவை ஆளுநர் வஜுபாய் வாலா அழைத்து, பெரும்பான்மையைக் காட்டப் பதினைந்து நாள் கொடுத்தார். உச்ச நீதிமன்றம் நள்ளிரவில் தொடங்கி விடியும்வரை மனுவைக் கேட்டது. மறுநாள் மறுபடி கேட்டு, பதினைந்து நாளெல்லாம் வேண்டாம், மே 19 மாலை நான்கு மணிக்கு அவையில் எண்ணுங்கள் என்றது. எண்ணுவதற்கு முன்பே எடியூரப்பா பதவி விலகினார்.

அடுத்த வருடம் ஜூலையில், அவருக்குப் பின் வந்த குமாரசாமி அரசு ஆட்டம் கண்டது. இன்ன மணிக்குள் வாக்கெடுப்பை முடியுங்கள் என்று ஆளுநர் கெடு விதித்துக் கடிதம் அனுப்பினார். கெடு போயிற்று, இன்னொரு கெடுவும் போயிற்று. அவையில் பேச்சு நாள்கணக்கில் நீண்டது. இந்தத் தடவை யாரும் டெல்லிக்கு அறிக்கை அனுப்பி அவையைக் கலைக்கவில்லை. ஜூலை 23 மாலை, அதோ அந்தக் கூரைக்குக் கீழே, உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லி வரிசை வரிசையாகத் தலை எண்ணினார்கள். ஆதரவு 99, எதிர்ப்பு 105.